எது மொதல்ல தெரியுது?

என் மனைவியின் ஓவியங்களைப் பற்றிப் பேச எனக்கு எள்ளளவும் தகுதி கிடையாது. நான் சாவி போடுகிறவன். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், ஒரு தையல் கடைக்கும் போட்டோ கடைக்கும் நடுவில், தொப்பை உள்ளவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டுதான் நுழைய முடியும் என்ற அளவில் என் கடை இருக்கிறது. பூட்டைக் கொடுங்கள், திறந்து தருகிறேன். ஓவியத்தைக் கொடுத்தால் எந்தப் பக்கம் மேல் பக்கம் என்றுதான் கேட்பேன்.

ஆனாலும் பதினோரு வருடமாக ஒரு படத்தை முடித்ததும் அவள் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். படத்தைச் சமையலறையில் வாஷிங் மெஷின் மேல் சாய்த்து நிறுத்துவாள். எதிரே ஒரு ஸ்டூல். "ஏங்க, கொஞ்சம் வாங்க" என்று குரல் வரும். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி வந்து உட்காருவேன். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எது மொதல்ல தெரியுது?"

"இந்த மூலை. அப்புறம் நடுவுல இருக்கே, இது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் தெரியல. இதுவும் இதுவும் ஒட்டிக்கிட்டு நிக்குது. பிரியவே மாட்டேங்குது."

அவள் தலையை ஆட்டுவாள். பேசாமல் பிரஷை எடுத்துக்கொண்டு போய் ஏதோ மாற்றுவாள். மறுபடி கூப்பிடுவாள். நான் "இப்ப சரி" என்று சொல்லும்வரை படம் மெஷினை விட்டு இறங்காது. துணி துவைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். போன மழைக்காலத்தில் ஒரு படம் அடம் பிடித்ததால் நான்கு நாள் ஒரே சட்டையில் கடைக்குப் போனேன். தையல் கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்.

இதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வெளியே என்னிடம் யார் அபிப்பிராயம் கேட்கிறார்கள்? "சாவி ரெடியா?" என்பதற்கு மேல் ஒரு கேள்வி என் கடைப் பக்கம் வந்ததில்லை. வீட்டில் மட்டும் ஒரு கலைஞர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு பயமும் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது.

உலகமே கறுப்பு வெள்ளை என்று நினைத்து என் மேல் இரக்கப்பட வேண்டாம். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் என் கண்ணுக்குள் வரும்போது ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அழுக்குக் காக்கிச் சட்டை. பள்ளிக்கூடத்தில் ஒரு மரம் வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வரைந்தேன். டீச்சர் அதைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வளர்ந்த பிறகு ரயில் ஓட்டும் வேலைக்குப் போனபோது, புள்ளிபுள்ளியாக இருந்த ஒரு அட்டையைக் காட்டி அதற்குள் என்ன எண் என்றார்கள். எண்ணா, அதற்குள்ளா? வீட்டில் வந்து உயரம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. யாரும் அதைக் கேள்வி கேட்காதது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

அதன்பிறகு பிழைப்பதற்குப் பல வழிகளைக் கற்றுக்கொண்டேன். சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்கு, கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நிறத்தின் பேரை வாயால் சொல்லாதே, விரலால் காட்டு. சாவித் தொழில் இதற்குத் தோதானது. ஒரு சாவியின் பல் இன்னொன்றைவிட மயிரிழை உயரமாக இருந்தால் என் கண் பிடித்துவிடும். அதற்கு நிறம் தேவையில்லை.

மனைவியிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லப் பயம். பிறகு சொல்லத் தேவை இல்லாமல் ஒரு காரியம் நடந்தது. கல்யாணமான மூன்றாவது வாரம், "எனக்கு ஒரு பச்சைக் குடை வாங்கிட்டு வாங்க" என்றாள். கடையில் கேட்க வெட்கம். இருபது குடைகளுக்கு முன்னால் நின்று, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, நானே ஒன்றை உருவினேன். வீட்டில் அதை விரித்து, தலைக்கு மேல் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்தொன்பது வருடமாக அந்தக் குடையைத்தான் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். கம்பி உடைந்தால் நான்தான் ஒட்டித் தருவேன். எங்கள் வீட்டில் அதற்குப் பச்சைக் குடை என்றே பேர். "அந்தப் பச்சைக் குடையை எடு" என்று நான் சொன்னால் மச்சினி மட்டும் ஒரு மாதிரி சிரிப்பாள். அவள் எதற்குத்தான் சிரிக்கமாட்டாள் என்று விட்டுவிடுவேன்.

என் மனைவி ஓவியம் வரைய ஆரம்பித்ததும்தான் வசமாக மாட்டிக்கொண்டேன். இப்போது எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் ஸ்டூலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்குப் பாதி வழக்கு காதிலேயே விழவில்லை என்று எப்படிச் சொல்வது? அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், எனக்குத் தெரியும். கேட்பதை நிறுத்திவிடுவாள். படத்தை முடித்து, தானே பார்த்து, தானே ஆணியில் மாட்டிவிட்டு, மெஷினில் துணியைப் போடுவாள். அந்த ஸ்டூலை யாராவது பரணில் வைத்துவிடுவார்கள். நான் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

அவள் ஓவியக் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. டென்டல் லேபில் செயற்கைப் பல் செய்கிறாள். நீங்கள் பல் டாக்டரிடம் போய் உடைந்த பல்லுக்கு ஒரு மூடி போட்டுக்கொண்டால், அதை அவரா உட்கார்ந்து செய்கிறார்? மூன்றாவது மாடியில், விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, இவளைப் போல ஒருத்தி செய்கிறாள். அவள் மேஜையில் பதினாறு பல் கோத்த ஒரு பட்டை இருக்கும். பதினாறும் வெள்ளை. பதினாறும் வேறுவேறு வெள்ளை. நோயாளியின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, எந்த வெள்ளை என்று பார்த்து, பீங்கான் மாவைக் குழைத்து, ஈர்க்குச்சி மாதிரி ஒரு பிரஷால் அடுக்கடுக்காகப் பூச வேண்டும். லேப் முதலாளி நல்ல மனிதர்தான், வாய்தான் சரியில்லை. தப்பாக வந்தால் விளக்கில் தூக்கிப் பிடித்து, "இது பல்லா, சுவிட்சா?" என்று கத்துவார்.

பூசின பல் சூளைக்குள் போனால் வெளியே வர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் மற்றவர்கள் போன் பார்த்தார்கள். இவள் தேய்ந்துபோன பிரஷ்களையும், அச்சு எடுக்கும் மாவு வருகிற டப்பாவின் வட்ட மூடிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு எதிரே தெரிந்த தண்ணீர்த் தொட்டியை அந்த மூடிகள் மேல் வரைந்தாள். முதல் மூன்று வருடமும் தண்ணீர்த் தொட்டிதான். "அக்கா, இது தொட்டியா, கெட்டுப்போன கடைவாய்ப் பல்லா?" என்று மச்சினி கேட்டாள். மச்சினி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லை, பிரேக்கை மிதிக்கச் சொல்லித்தான் பழக்கம். என் மனைவி அன்று முழுவதும் யோசித்து, தொட்டிக்குப் பின்னால் இருந்த வானத்தை மாற்றினாள். அடுத்து எங்கள் சமையலறை ஈரச்சுவர். ஒவ்வொரு மழைக்கும் அதில் கறை வேறு வடிவத்தில் ஏறும். சிமென்ட் பூசலாம் என்று நான் கரண்டியும் கையுமாகக் கிளம்பியபோது, சொந்தப் பிள்ளையை அடிக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கறை இன்னும் இருக்கிறது. அதிலிருந்து ஒன்பது மூடிகள் வந்திருக்கின்றன.

மூடிகள் தீர்ந்ததும் அவள் கண் எங்கள் துணி அலமாரியின் கதவுகள் மேல் விழுந்தது. இரண்டு பெரிய கதவுகள். அதில் எங்கள் கட்டடத்து மாடிப்படிகளையும், படிக்குப் படி ஆட்கள் வைத்திருக்கிற செடித் தொட்டிகளையும் வரைந்தாள். ஐந்து மாதம். இலை, இலை, இலைக்குப் பின்னால் இலை. எனக்கு அது முழுக்கக் காக்கிக் காடு. ஆனால் எந்த இலை முன்னால், எந்த இலை பின்னால், எங்கே வெளிச்சம் விழுகிறது என்பதெல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பதினேழு தடவை ஸ்டூலில் உட்கார்ந்தேன். பதினேழாவது தடவை, "இப்ப சரி. உள்ளே நடந்து போயிடலாம் போல இருக்கு" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பிறகு துணி துவைத்தோம்.

இந்த லட்சணத்தில் ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் ஓர் அம்மாள் முன்பல் உடைந்து வந்து சேர்ந்தார். ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிறவர். மாடிப்படியில் வழுக்கி முன்பல் பாதி போய்விட்டது. நிறம் பார்க்க டாக்டர் அவரை நேரே லேபுக்கு அனுப்பியிருந்தார். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தவர் சுவரோரம் அடுக்கியிருந்த மூடிகளைப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பல்லுக்கு வந்தவர் ஆறு மூடிகளோடு போனார். இரண்டு மாதத்தில், இருபத்தோரு படங்களோடு தனிக் கண்காட்சி என்று முடிவாயிற்று. முன்பல் அம்மா என்றுதான் வீட்டில் அவரைச் சொல்வோம். நல்லவேளை, பல் நன்றாகப் பொருந்திவிட்டது.

அவர் ஒரு தாள் அனுப்பினார். மேலே 'வாழ்க்கைக் குறிப்பு', கீழே 'தாக்கங்கள்'. வாழ்க்கைக் குறிப்பை எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தாள், என் கையெழுத்து நன்றாக இருக்கும். பிறந்தது, படித்தது, வேலை, கல்யாணம் என்று நான்கு வரியில் முடித்தேன்.

"தாக்கங்கள்னா என்னங்க?"

"உன்னைப் பாதிச்சவங்க. பெரிய பெரிய ஓவியர்கள் பேரா எழுதணும் போல."

"எனக்கு ஒருத்தரையும் தெரியாதே."

"லைப்ரரில போய் ரெண்டு பேர் பாத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம். நானே எழுதறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டாள். எழுதி, கவருக்குள் போட்டு, ஒட்டியும் விட்டாள். என்னிடம் காட்டவில்லை. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கிறவன் நான். அந்தக் கவர் ஒரு முழு நாள் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. தொடவில்லை. ஆனால் அன்று கடையில் மூன்று சாவியைத் தப்பாக வெட்டினேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அவள் லேபுக்குப் போயிருந்தாள். நான்கு மணிக்கு மச்சினி வேனோடு வருவாள், அதற்குள் அலமாரிக் கதவுகளைக் கழற்றிக் கீழே இறக்கிவைக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. கழற்றினேன். எங்கள் பனியன்களும் பழைய துண்டுகளும் வெட்கமில்லாமல் வெளியே பார்த்தன. வலது கதவை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலில் திரும்பும்போது ஒரு சத்தம் கேட்டது. அரம் உரசுகிற சத்தம், தினமும் கேட்கிற சத்தம். இடுப்பில் என் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடமாகத் தொங்குகிறது. கழற்றி வைக்கத் தோன்றவே இல்லை.

நட்டநடுவில், ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். உள்ளே இருந்த மரம் வெளுப்பாகத் தெரிந்தது. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மாதம், பதினேழு ஸ்டூல்.

யோக்கியமானவன் அவளுக்குப் போன் செய்திருப்பான். நான் மணி பார்த்தேன். ஒன்றரை. அவள் மேஜைக்குப் போனேன். குழைத்து மிஞ்சிய வண்ணங்களைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு கிண்ணம். ஒவ்வொன்றையும் தொட்டுக் கட்டைவிரல் நகத்தில் தடவி, கதவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இது வெளுப்பு. இது அழுத்தம். இது நீலம் கலந்தது, ஆகாது. ஏழாவது கிண்ணம் அப்படியே பொருந்தியது. நகம் எங்கே முடிகிறது, இலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. மயிரிழை வித்தியாசம் பிடிக்கிற கண்ணுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

கீறலை மூடுகிற மாதிரி ஓர் இலை வரைந்தேன். அவள் வரைகிற அதே வளைவு, அதே நுனி. வாழ்க்கையில் நான் வரைந்த இரண்டாவது படம். காய்ந்ததும் வாஷிங் மெஷின் மேல் ஏற்றி, ஸ்டூலில் உட்கார்ந்து, எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். எது முதலில் தெரிகிறது? எப்போதும் தெரிகிற மேல்படி வெளிச்சம்தான் தெரிந்தது. கீறலும் இல்லை, இலையும் இல்லை, காட்டோடு காடாகப் போய்விட்டது. முதுகில் நானே தட்டிக்கொண்டேன். மச்சினி வருவதற்குள் இரண்டு கதவையும் போர்வையில் சுற்றிக் கட்டியும் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை என் மனைவி சீக்கிரமே போய், முன்பல் அம்மாவோடு சேர்ந்து படங்களை மாட்டினாள். மதியம் போன் செய்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்கா?" என்றேன்.

"எல்லாம் சரியா இருக்கு. அந்தப் பெரிய படந்தான் எல்லாருக்கும் மொதல்ல தெரியுது" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மாலையில் மழை தூற ஆரம்பித்திருந்தது. பச்சைக் குடையை வாசலில் இருந்த பீப்பாயில் செருகிவிட்டு உள்ளே போனேன். நீளமான அறை, வெள்ளைச் சுவர். எங்கள் வீட்டு மூடிகள் சுவரில் ஏறி உட்கார்ந்து, பெரிய மனுஷத் தோரணையோடு என்னைப் பார்த்தன. கூட்டம் முழுக்க அலமாரிக் கதவுகளுக்கு முன்னால் நின்றது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிட்டே போன பிறகுதான் கவனித்தேன். எல்லோரும் கதவைப் பார்க்கவில்லை. ஓர் இடத்தைப் பார்த்தார்கள். விரல் நீட்டினார்கள். விரல்கள் எல்லாம் வலது கதவின் நட்டநடுவுக்குப் போயின.

"அது ஒரு காயம்" என்றார் தாடி வைத்த ஒருவர்.

"இல்ல, அது கோபம்" என்றார் பக்கத்தில் நின்ற பெண்மணி. "அத்தனைக்கும் நடுவுல ஒண்ணே ஒண்ணு அடங்க மாட்டேங்குது பாருங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீறல் வாய் திறந்துவிட்டதா? எட்டிப் பார்த்தேன். இலை இருந்த இடத்தில் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அப்போது மச்சினி பின்னாலிருந்து தோளில் தட்டினாள்.

"அத்தான், அந்தச் செவப்பு எலை பிரமாதம்! அக்கா அத எப்ப வெச்சா? போன வாரம் நான் பாக்கும்போது இல்லயே..." என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய வாழ்க்கையில் அவளே தனக்கு பிரேக் போட்டது அன்றைக்குத்தான்.

சிவப்பு. அவளுடைய ஐந்து மாதப் பச்சைக்கு நடுவில் நான் சிவப்பு இலையைச் செருகியிருக்கிறேன். அதைச் சுற்றித்தான் ஊர் கூடி நிற்கிறது. கதவைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கழற்றுவதற்கு எத்தனை திருகு என்றுகூடக் கண் எண்ணிவிட்டது. அவள் காலையிலேயே பார்த்திருப்பாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? எங்கள் வீட்டில் பிரஷ் பிடிக்கிற இன்னொரு ஆள் ஏது?

முன்பல் அம்மா மைக்கைப் பிடித்தார். நான்கு வார்த்தை வரவேற்பு. பிறகு அந்தத் தாளை எடுத்து, என் நான்கு வரியை வாசித்தார். "அடுத்தது, தாக்கங்கள். இத அவங்க எழுதினபடியே படிக்கிறேன்" என்று ஆரம்பித்தார்.

"சூளையில் பல் வேகிற இருபது நிமிடம். எங்கள் சமையலறையின் ஈரச்சுவர். லேப் முதலாளியின் வாய். என் தங்கையின் வாய். என் வீட்டுக்காரரின் கண்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சினிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணா? அதை எழுதி மூன்று வாரமாகிறது. அப்போது இந்த இலையே இல்லை.

தாடிக்காரர் கையைத் தூக்கினார். "அந்த ஒத்தச் செவப்பு எலைய ஏன் வெச்சீங்க?"

என் மனைவி கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். லேபுக்குப் போகிற அதே உடை, விரல் நுனியில் பீங்கான் மாவு. என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அத நான் வரையல. எங்க வீட்டுக்காரர் வரைஞ்சார்."

அறை முழுக்கத் தலைகள் திரும்பின. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"இங்க இருக்கற இருபத்தோரு படத்துக்கும் 'இப்ப சரி'ன்னு சொன்னவர் அவர்தான்" என்றாள். "ஒரு படத்துலயாவது அவர் கை இருக்கட்டுமே."

முன்பல் அம்மா பதறிப்போனார். "ஐயோ, அப்ப படத்துக்குக் கீழ இருக்கற சீட்டுல ரெண்டு பேரையும் போடணுமே!"

"வேண்டாங்க. அவருக்குக் கூச்சம்."

தாடிக்காரர் விடுகிற மாதிரி இல்லை. என் பக்கம் நகர்ந்து வந்து, மிகவும் மரியாதையாக, "நீங்க சொல்லுங்க சார். இவ்வளவு பச்சைக்கு நடுவுல எதுக்குச் சிவப்பு?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் தூக்கிப் பிடித்த மரம் ஞாபகம் வந்தது. ஏதாவது பெரிதாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். காயம், கோபம் என்று அவர்களே வார்த்தையும் கொடுத்திருந்தார்கள். நான் அவளைப் பார்த்தேன். வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருப்பாளே, அந்த முகம். அந்த முகத்திடம் இனிமேலும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"எனக்கு அது பச்சைதாங்க" என்றேன்.

அந்தப் பெண்மணி "ஆகா" என்றார். தாடிக்காரர் கைத்தட்டினார். அறையே கைத்தட்டியது. தாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, "எனக்கு... அது... பச்சை" என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் ஒளித்து வைத்திருந்ததை ஊரறியச் சொன்னேன். ஒருவராவது அதை நம்பவேண்டுமே! கைத்தட்டாமல் நின்றது இரண்டு பேர். ஒருத்தி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மச்சினி. இன்னொருத்தி என் மனைவி.

கூட்டம் டீ குடிக்க நகர்ந்ததும் நான் வராந்தாவுக்கு நழுவினேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். மழை வலுத்திருந்தது.

"சாவிக்கொத்தா?" என்றாள்.

"ஆமா. கீறிடுச்சு. உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"எலை நல்லா வந்திருக்கு. நுனிய நான்கூட அவ்வளவு சுத்தமா முடிக்கமாட்டேன்."

"பச்சைன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"எனக்கு அந்த ரெண்டு நெறமும்..."

"தெரியுங்க."

மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்ட?" என்றபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அழுகிற குரல். "ஐயோ பாவம்னா?"

அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "பாவம் பாத்து நாலு நாள் துணி துவைக்காம இருப்பாங்களா? நெறம் பாக்கறது என் பொழப்பு. பதினாறு வெள்ளைய பிரிச்சுச் சொல்றவ நான், அதுக்கு எனக்கு ஆள் வேணுமா? நெறம் என் கண்ண மயக்கிடும். அழகா இருக்கேன்னு அங்கயே நின்னுடுவேன். நெறத்த எடுத்துட்டா படம் நிக்குதா, விழுந்துடுதான்னு எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு எடத்துலயும் படிக்காத எனக்கு வேற யாருங்க சொல்லித் தருவாங்க?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அடுத்த வாரம் ஒண்ணு முடியும். வரமாட்டேன்னு சொல்லிடாதீங்க" என்றாள்.

"வர்றேன்" என்றேன். "எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

அவள் பதில் சொல்வதற்குள் மச்சினி வந்து, வேனை வாசலுக்குக் கொண்டுவர முடியவில்லை, தெருமுனை வரை நடக்கவேண்டும் என்றாள். வாசலுக்குப் போனோம். பலரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காவலாளி பீப்பாயிலிருந்து குடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுக் கேட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் குடை, கறுப்புக் குடை, நீலக் குடை. பிறகு, பிடியில் என் கையால் கம்பி சுற்றிய ஒரு குடையை உயர்த்திப் பிடித்தார்.

"இந்தச் சிவப்புக் குடை யாரோடது?"

மச்சினி கூரையைப் பார்த்தாள். நான் குடையைப் பார்த்தேன். கல்யாணமான மூன்றாவது வாரம், அதை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்த்தேன்.

"அது பச்சைக் குடைங்க" என்றாள் என் மனைவி, கையை நீட்டி. "எங்களோடதுதான்."

காவலாளி குடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேசாமல் கொடுத்துவிட்டார். அவள் அதை என்னிடம் தந்தாள். விரித்தேன்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க, நனையறேன்" என்றாள். சாய்த்துப் பிடித்தேன்.